ஐந்தாம் வகுப்பு: ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் பேச என்ன செய்யலாம்?

சாக்பீஸ்தூள் எழுதியது:

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு, முப்பது சொச்சம் பிள்ளைகள். பேசத் தயங்கும் வகுப்பு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டால் பாதி வகுப்பின் கை மேலே போய்விடும். ஆனால் ஒருவர் பேசியதற்கும் அடுத்தவர் பேசுவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அறிவியலில் ஆவியாதல் வருகிறது. பாடத்தைத் திறக்கும் முன்னால், "கொடியில காயப்போட்ட துணியில இருந்த தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டேன். ஒருத்தி "வெயில் உறிஞ்சிடுச்சு டீச்சர்" என்றாள். அடுத்தவன் "கீழ சொட்டிடுச்சு". அதற்கடுத்தவன் டியூஷனில் படித்துவிட்டு வந்து "ஆவியாதல்" என்று ஒரே வார்த்தையில் முடித்தான். நாலாவது பிள்ளை மறுபடியும் "வெயில் உறிஞ்சிடுச்சு". எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். கை தூக்கி நிற்கும் பிள்ளைக்குத் தன் பதில் மறந்துபோகாமல் இருக்க வேண்டும் என்ற கவலைதான். பக்கத்தில் பேசுகிறவன் என்ன சொல்கிறான் என்று காதில் விழுவதே இல்லை.

ஒரு பயிற்சியில் சொன்னபடி வாக்கியத் தொடக்க அட்டைகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "உன் கருத்தை நான் ஏற்கிறேன், ஏனெனில்...", "நீ கூறியதோடு நான் சேர்க்க விரும்புவது..." என்ற மாதிரி. பலன் என்ன தெரியுமா? "அவன் கருத்தை நான் ஏற்கிறேன், ஏனெனில் வெயில் உறிஞ்சிடுச்சு." அவன் சொன்னதோ சொட்டிவிட்டது என்று!

யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள். "மாணவர் மையக் கற்றல்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஈராசிரியர் எழுதியது:

அட்டையை முதலில் கழற்றுங்கள் டீச்சர். "ஏனெனில்" என்று எந்தப் பிள்ளை வாயில் வரும்? என் வகுப்பில் "அவ சொன்னது சரிதான், ஆனா..." என்பதே போதுமானதாக இருக்கிறது. மேடைத் தமிழில் பேசச் சொன்னால் கவனம் முழுக்க வாக்கியத்தை ஒப்பிப்பதில் போய்விடும், யோசிக்க எதுவும் மிஞ்சாது.

கணக்குவாத்தியார் எழுதியது:

அட்டை இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. நான் கேட்க நினைப்பது வேறு. "வெயில் உறிஞ்சிடுச்சு" என்று அந்தப் பெண் சொன்னதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சொட்டிடுச்சு" என்றவனுக்கு என்ன பதில்? அது தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

சாக்பீஸ்தூள் எழுதியது:

இரண்டு பேருக்குமே "ம்... வேற யாரு?" என்றேன். "ஆவியாதல்" என்றவனுக்கு "வெரிகுட்". எல்லாரும் அப்படித்தானே சார் சொல்வோம்?

கணக்குவாத்தியார் எழுதியது:

எல்லாரும் அப்படித்தான், எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆசிரியர் கேட்பார், பிள்ளை பதில் சொல்லும், ஆசிரியர் சரியா தப்பா என்று சொல்வார், பிறகு அடுத்த கேள்வி. ஹ்யூ மெஹன் என்ற ஆய்வாளர் 1979இல் இந்த மூன்று படிச் சுழற்சியை விரிவாக எழுதினார். அவர் பதிவு செய்தது யாருடைய வகுப்பு என்பதுதான் சுவாரசியம். கோர்ட்னி காஸ்டன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1974-75இல் சான் டியாகோவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போயிருந்தார். அவருடைய வகுப்பு அது. குழந்தைகளின் பேச்சையே ஆராய்ந்தவர் நடத்திய வகுப்பிலும் அந்தச் சுழற்சிதான் மேலோங்கி இருந்தது.

இப்போது பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். "வேற யாரு?" என்றால், முன்னால் சொன்னது டீச்சர் தேடும் பதில் இல்லை, வேறொன்றைச் சொல் என்று அர்த்தம். "வெரிகுட்" என்றால் கதை முடிந்தது. எப்படிப் பார்த்தாலும் முன்னால் பேசியவள் சொன்னதைத் தொட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பிள்ளைகள் விவரமானவர்கள், தேவை இல்லாததைச் செய்ய மாட்டார்கள்.

அதனால் மாற்ற வேண்டியது உங்கள் இரண்டாவது வாக்கியத்தை. சரி, தப்பு எதுவும் சொல்லாமல், பேசியவளைப் பார்க்காமல், மற்றவர்களைப் பார்த்து, "இவ சொல்றதுக்கு ஒத்து வராத மாதிரி வீட்ல ஏதாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "யாருக்கு இதில் உடன்பாடு?" என்பதைவிட இது வேலை செய்யும். உடன்பாடு கேட்டால் முப்பது பேரும் தலையாட்டிவிடுவார்கள்.

வன்னிவெயில் எழுதியது:

வணக்கம். நான் இலங்கையில், வன்னிப் பக்கம், தரம் 4 படிப்பிக்கிறேன். கணக்கு சேர் சொன்னதோடு ஒன்று.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்மார் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பதும் கூடியது. பயிற்சிகளில் இதைச் சொல்லும்போது கேள்விக்குப் பிறகு வரும் இடைவெளியைத்தான் சொல்வார்கள். அவர் இரண்டு இடைவெளிகளைச் சொன்னார். மற்றது, பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகு வருவது. அடுத்த பிள்ளை நுழையக்கூடிய இடம் அதுதான். நாங்கள் அதை "வெரிகுட்" போட்டு அடைத்துவிடுகிறோம்.

நான் செய்வது: கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பின் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். முன்வரிசைப் பிள்ளை என்னைப் பார்த்துக் கதைக்க வேண்டுமென்றால் திரும்ப வேண்டும், திரும்பினால் மற்றப் பிள்ளைகளின் முகம் தெரியும். இரண்டாவது, ஒருவர் கதைக்கும்போது மற்றவர்களின் கை கீழே இருக்க வேண்டும். கை மேலே இருந்தால் காது மூடிவிடும், நீங்கள் எழுதியது மிகச் சரி.

மூன்றாவது கொஞ்சம் கஷ்டம். பிள்ளை மெல்லச் சொன்னதை நாங்கள் உரத்துத் திருப்பிச் சொல்லும் பழக்கம். அதைச் செய்தால், எப்படியும் டீச்சர் சொல்லுவா, நான் ஏன் அவள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று மற்றவர்கள் இருந்துவிடுவார்கள்.

ஈராசிரியர் எழுதியது:

அந்தக் கடைசி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு மேடம். எங்கள் பிள்ளைகளில் சிலர் உதட்டுக்குள்ளேயே பேசுவார்கள். நான் திருப்பிச் சொல்லாவிட்டால் அந்தப் பதில் அங்கேயே செத்துப்போகும்.

வன்னிவெயில் எழுதியது:

உண்மைதான். அப்படியான பிள்ளைக்கு நானும் திருப்பிச் சொல்வேன். ஆனால் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையிடமே, "நீ சொன்னது இதுதானா, நான் மாத்திச் சொல்லிட்டேனா?" என்று கேட்பேன். சில நேரம் "இல்ல டீச்சர், அப்படி இல்ல" என்று வரும். கருத்து அப்போதும் அந்தப் பிள்ளையுடையதாகவே இருக்கும். மற்ற நேரங்களில், பின்வரிசையில் இருக்கும் ஒருவரிடம் "அவ என்ன சொன்னவ?" என்று கேட்பேன். தெரியாவிட்டால் ஏசுவதில்லை. "அவவிட்டயே கேள்" என்பேன். பிள்ளை பிள்ளையிடம் கேட்க வேண்டும், அதுதான் விஷயம்.

பழையபெஞ்சு எழுதியது:

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. தெரியாமல்தான் கேட்கிறேன்: தெரியாத விஷயத்தைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் தெரிந்துவிடுமா? 40 நிமிடத்தில் முப்பது பிள்ளைகள். ஒரு பிள்ளை தப்பாகச் சொல்ல, அதன்மேல் இன்னொன்று தப்பாகக் கட்ட, மணி அடித்துவிடும். 2007-08இல் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் தங்கள் வேகத்தில் அட்டைகளைப் பார்த்துத் தாங்களே படிக்கும் முறை, மாநிலம் முழுக்க வந்தபோது நான் பொறுப்பில் இருந்தேன். ஏணி, அட்டை, தரையில் வட்டம், எல்லாம் பார்த்தாயிற்று. வட்டமாக உட்கார்ந்தார்களே தவிர ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாக்பீஸ்தூள் எழுதியது:

ஐயா சொல்வதில் கடைசி வரி இன்றைக்கும் பொருந்துகிறது. அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வேலை கொடுப்பதில் நல்லது இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலர்ப் பிள்ளை சொல்வதை அரும்புப் பிள்ளை கேட்கும் வாய்ப்பு குறைகிறது. அரும்புப் பிள்ளை சொல்வதை மலர் கேட்பது அதைவிடக் குறைவு. வாசிக்கத் திணறும் ஒரு பையன் என் வகுப்பில் இருக்கிறான், ஆடு மாடு, செடி கொடி என்று வந்தால் அவனுக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாது.

கணக்குவாத்தியார் எழுதியது:

பழையபெஞ்சு ஐயாவின் கேள்வி நியாயமானது, சும்மா தாண்டிப் போகக் கூடாது. "தமிழ்நாட்டின் தலைநகரம் எது" என்பதை விவாதத்துக்கு விட்டால் அவர் சொல்வதுதான் நடக்கும். சொல்லிக் கொடுக்க வேண்டியதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் ஏற்கெனவே சான்று இருக்கும் கேள்விதான் விவாதத்துக்கு ஆகும். துணி காய்வதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கிறது. ஆறு ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா என்பதைக் கையில் ஆறு புளியங்கொட்டை இருந்தால் சோதித்துவிடலாம்.

ஆறு என்றதும் ஞாபகம் வருகிறது. டெபோரா பால் என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மூன்றாம் வகுப்புக்குத் தானே கணக்கு எடுத்தார். 1990 ஜனவரியில் நடந்த ஒரு பாடத்தின் காணொளி ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் பேசப்படுகிறது. ஷான் என்று புனைபெயர் கொடுக்கப்பட்ட பையன், ஆறு இரட்டையாகவும் இருக்கலாம், ஒற்றையாகவும் இருக்கலாம் என்கிறான். காரணம், ஆறில் மூன்று இரண்டுகள் இருக்கின்றன, மூன்று ஒற்றை எண். நாமாக இருந்தால் "தப்பு, உட்கார்" என்று முடித்திருப்போம். அவர் வகுப்பிடம் விட்டார். மெய் என்ற பெண் முதலில் அவன் சொல்ல வந்ததைத் தன் வார்த்தையில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். பிறகு, அப்படியானால் பத்தும் அதே மாதிரிதானே, அதில் ஐந்து இரண்டுகள் இருக்கின்றனவே என்கிறாள். இப்படியே போனால் எல்லா எண்ணும் ஒற்றையும் இரட்டையுமாகிவிடும், அப்புறம் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இல்லை என்பது அவள் வாதம். ஷான், பத்தைப் பற்றி யோசிக்கவில்லை, எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி என்கிறான். ஆனால் கருத்தை விடவில்லை! பத்தும் அப்படித்தான் என்று சேர்த்துக்கொள்கிறான். இன்னொரு பெண், இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சினால்தான் ஒற்றை என்று படம் போட்டுக் காட்டுகிறாள்.

இதில் மெய் செய்ததைத்தான் நாம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கிறோம். அவள் உடன்படவில்லை. ஆனால் ஷானின் கருத்தை அவனைவிட ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்து, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தாள். 2, 6, 10, 14 என்று நாலு நாலாகப் போகும் அந்த வரிசைக்கு வகுப்பில் "ஷான் எண்கள்" என்றே பெயர் வைத்தார்கள். தப்பில் தொடங்கியது ஒரு உண்மையான வரிசையைக் கண்டுபிடிப்பதில் முடிந்தது. இதற்குச் சுவரில் அட்டை எதுவும் தேவைப்படவில்லை.

பழையபெஞ்சு எழுதியது:

கதை அருமை. அந்த அம்மாள் தினம் ஒரு பாடம்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். நம்மவர்கள் ஐந்து பாடமும் எடுத்து, செயலியில் பதிவும் போட வேண்டும்.

கணக்குவாத்தியார் எழுதியது:

ஆமாம் ஐயா, கணக்கு மட்டும்தான் எடுத்தார். அதனால்தான் தினமும் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நல்ல கேள்வி, பதினைந்து இருபது நிமிடம் போதும்.

வன்னிவெயில் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் ஒருவர் சொன்னதோடு மற்றவர் சேர்ப்பது மட்டும் நடந்தால் அதில் மயங்கிவிடக் கூடாது. இங்கிலாந்தில் நீல் மெர்சரும் அவரோடு வேலை செய்தவர்களும் பிள்ளைகளின் குழுப் பேச்சை மூன்று வகையாகப் பார்த்தார்கள். ஒன்று, "நான் சொன்னதுதான் சரி" என்று முட்டிக்கொள்வது. இரண்டாவது, "ஓம் ஓம், அதோட இதுவும்" என்று கேள்வி கேட்காமல் அடுக்கிக்கொண்டு போவது. மூன்றாவது, காரணம் கேட்டு, சோதித்து, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வது. இரண்டாவது வகை பார்க்க மிக அழகாக இருக்கும். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் மகிழ்ந்துவிடுவார்கள். ஆனால் முதல் பிள்ளை தப்பாகச் சொன்னால் முழுக் குழுவும் அந்தத் தப்பிலேயே சேர்ந்து போகும். பழையபெஞ்சு ஐயா பயப்படுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சேர்த்துச் சொன்னால் ஸ்டார், புள்ளி என்று கொடுக்காதீர்கள். "நானும் அவ சொன்னதைத்தான் சொல்றேன்" என்று வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள்.

தமிழய்யா எழுதியது:

உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியன், ஆனாலும் மூக்கை நுழைக்கிறேன். நம் பிள்ளைகள் வெளியே பார்க்கும் விவாதம் ஒன்றே ஒன்று, பட்டிமன்றம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் வருவது. இரண்டு அணி, கைதட்டல், கடைசியில் நடுவர் தீர்ப்பு. வகுப்பில் "விவாதிக்கலாம்" என்றதும் பிள்ளைகள் அணி பிரிகிறார்கள், ஆசிரியர் நடுவராகிவிடுகிறார். தீர்ப்பு எப்படியும் அவரிடமிருந்து வரும் என்று தெரிந்த பிறகு எதிரணி சொன்னதை யார் யோசிப்பார்கள்? பட்டிமன்றத்தில் யாராவது பாதிப் பேச்சில் "அவர் சொன்னது சரியாகப் படுகிறது, நான் மாறிக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறோமா?

ஈராசிரியர் எழுதியது:

பட்டிமன்றத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள் ஐயா. எதிரணிப் பேச்சாளர் சொன்ன உதாரணத்தையே எடுத்து அவருக்கே திருப்பிப் போடுவார்களே, அதற்கு எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்க வேண்டும்! என் பிள்ளைகளிடம் அந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

தமிழய்யா எழுதியது:

அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. நன்னூல் என்ற பழைய இலக்கண நூலின் பாயிரத்தில் எழுவகை மதம் என்று வரும், மதம் என்றால் இங்கே கொள்கை. உடன்படல், மறுத்தல் என்று முதல் இரண்டு. மூன்றாவது, பிறர் மதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு சென்று பிறகு களைவது. மெய் என்ற அந்தச் சிறுமி செய்தது அச்சு அசல் அதுதான். நம் பட்டிமன்றங்கள் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் என் குறை.

பழையபெஞ்சு எழுதியது:

ஐந்தாம் வகுப்புக்கு நன்னூலா! நல்லவேளை, பாடத்திட்டக் குழுவில் நீங்கள் இல்லை.

மணியடிச்சாச்சு எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்று. என் பள்ளியில் யார் சொன்னதை யார் எடுத்துப் பேசுகிறார்கள் என்று கொஞ்சநாள் கவனித்தேன். சில பிள்ளைகள் சொல்வது மட்டும் யாராலும் எடுக்கப்படாமல் அப்படியே விழுந்துவிடும். அதே கருத்தை இன்னொரு பையன் பிறகு சொன்னால் "இவன் சொன்ன மாதிரி" என்று நாலு பேர் தொடர்வார்கள். முதலில் சொன்னவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், இரண்டாவது சொன்னவன் எந்தத் தெரு என்று பார்த்தால் காரணம் புரியும். ஆண் பெண் வித்தியாசமும் இதில் உண்டு. ஊரில் யார் யாரை மறுத்துப் பேசலாம் என்ற கணக்கு பத்து வயதில் மனப்பாடம் ஆகியிருக்கிறது. மூன்று விநாடி பொறுத்தால் இது மாறாது. பேச்சைப் பிள்ளைகளிடமே முழுக்க விட்டுவிட்டு நாம் பின்னால் போய் நின்றால் ஊர்க் கணக்குதான் வகுப்பிலும் நடக்கும்.

நான் கண்டது ஒரு வழி. கரும்பலகையில் கருத்தையும் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் எழுதிவிடுகிறேன். முதலில் சொன்னவள் பெயர்தான் இருக்கும். அதையே பிறகு ஒருவன் சொன்னால், "இது ஏற்கெனவே இருக்கு பாரு, யார் சொன்னது?" என்பேன். அவன் அந்தப் பெயரை வாயால் சொல்லியாக வேண்டும். முதல் சில வாரங்கள் சொல்ல மாட்டார்கள், "அந்தப் புள்ள சொன்னது" என்பார்கள். நான் விடுவதில்லை, பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

கணக்குவாத்தியார் எழுதியது:

இந்தப் பதிவை எல்லாரும் இரண்டு தடவை படிக்க வேண்டும். பலகை விஷயத்தில் ஒரு துணைத் தகவல்: ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளின் கணக்கு வகுப்பில் ஒரு பாடம் முடியும்வரை பலகையை அழிக்காமல், பிள்ளைகள் சொன்ன வெவ்வேறு வழிகளை இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டே போகும் வழக்கம் உண்டு. கடைசியில் எந்த வழிக்கும் எந்த வழிக்கும் தொடர்பு என்று பேசுவார்கள். நாம் ஒவ்வொரு கணக்குக்கும் டஸ்டரை எடுத்துவிடுகிறோம். பத்து நிமிடம் முன்னால் ஒரு பிள்ளை சொன்னதை, அது கண் முன்னால் இல்லாதபோது, இன்னொரு பிள்ளை எப்படித் தொடரும்?

சாக்பீஸ்தூள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொன்னதில் சிலவற்றைச் செய்து பார்த்தேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு கைக்குட்டைகளை நனைத்து ஒன்றை வெளியே வெயிலிலும் இன்னொன்றை வகுப்புக்குள்ளும் கட்டினோம். பேசுவதற்கு முன்னால் எல்லாரும் தங்கள் பதிலை நோட்டில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டதால் பதில் மறந்துபோகும் என்ற பயம் போய்விட்டது, கைகளும் கீழே இறங்கின. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

"வெயில்தான் உறிஞ்சுது." அதே பெண். நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு பையன்: "எங்க வீட்ல மழை நேரத்துல ஃபேனுக்குக் கீழ போடுவாங்க. அங்க ஏது வெயில்?"

அவள்: "அது காத்து."

இன்னொருத்தி: "அப்ப வெயிலும் உறிஞ்சும், காத்தும் உறிஞ்சும்னு வெச்சுக்கலாம்."

"சொட்டிடுச்சு" பையன் கைக்குட்டைக்குக் கீழே தரையைக் காட்டினான். ஈரமாகத்தான் இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. மணியடிச்சாச்சு எழுதியது ஞாபகம் வந்து, பலகையில் அவன் பெயரோடு எழுதி, "இதை யாராவது பாருங்க" என்றேன். அதற்கு ஒரு பெண், "முதல்ல சொட்டும், சரி. சொட்டு நின்ன அப்புறமும் துணி ஈரமாத்தான இருக்கு? அந்தத் தண்ணி எங்க போகுது?" என்றாள். அவன் சொன்னதில் பாதியை வைத்துக்கொண்டு மீதியைக் கேள்வியாக்கிவிட்டாள்!

டியூஷன் பையனுக்குப் பொறுக்கவில்லை. "அதான் ஆவியாதல்னு சொன்னேன்ல." வாசிக்கத் திணறும் பையன் என்று எழுதியிருந்தேனே, அவன் கேட்டான்: "ஆவின்னா இட்லிப் பானையில வருமே அதுவா? அது சுடும். இங்க உள்ள கட்டின கைக்குட்டை சில்லுனு இருக்கு. அப்புறம் எப்படி ஆவி வரும்?"

டியூஷன் பையனிடம் பதில் இல்லை. வகுப்பிலும் இல்லை. மணி அடித்துவிட்டது.

பழையபெஞ்சு எழுதியது:

விடை சொல்லாமலா வீட்டுக்கு அனுப்பினீர்கள்?

சாக்பீஸ்தூள் எழுதியது:

ஆமாம் ஐயா. மறுநாள் நானே சொல்லிக் கொடுத்தேன், கண்டுபிடியுங்கள் என்று விடவில்லை. தண்ணீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை, எந்தச் சூட்டிலும் அதன் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துகொண்டே இருக்கும். வெயிலும் காற்றும் அதை வேகப்படுத்தும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம், அதனால் துணி காய நேரமாகும். பானையில் நாம் பார்க்கும் வெள்ளைப் புகை குளிர்ந்து சின்னத் துளிகளாகிவிட்ட தண்ணீர், உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் முந்தின நாள் பலகையில் இருந்த பெயரோடு சேர்த்துத்தான் சொன்னேன். கைக்குட்டை ஏன் சில்லென்று இருந்தது என்பதற்கும் பதில் அதிலேயே இருந்தது: ஆவியாகும் தண்ணீர் துணியிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

பழையபெஞ்சு எழுதியது:

அது சரி. சொல்லிக் கொடுக்கும் இடம் இருக்கிறது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கேட்கத் தயாராக இருந்திருப்பார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரவில்லையா?

சாக்பீஸ்தூள் எழுதியது:

வந்தது. கதவைச் சாத்தினோம்.

கேள்விக்குறி எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். அந்த மாதிரி நாளில் பிள்ளையின் நோட்டில் என்ன இருக்கும்? ஒன்றும் இல்லையென்றால் "இன்னைக்கு ஸ்கூல்ல சும்மா பேசிட்டிருந்தோம்" என்றுதான் வீட்டில் வந்து சொல்லும். எங்களுக்குக் கவலையாக இருக்கும்.

வன்னிவெயில் எழுதியது:

இங்கும் அதே கவலைதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால் தரம் 4 இலிருந்தே பெற்றோர் கொப்பியைத்தான் பார்ப்பார்கள். நான் முடிவில் இரண்டு வரி எழுதுவிப்பேன்: தொடங்கும்போது நான் நினைத்தது என்ன, யார் சொன்னதைக் கேட்டு என்ன மாறியது. மாறவில்லை என்றால் மாறவில்லை என்று எழுதலாம். பெற்றோருக்கும் வாசிக்க ஏதோ இருக்கும், எனக்கும் யார் உண்மையில் கேட்டார் என்று தெரியும்.

ஈராசிரியர் எழுதியது:

எனக்கு ஒரு சிக்கல். மூன்று, நான்கு, ஐந்து மூன்றும் ஒரே அறையில் என்னிடம். ஐந்தாம் வகுப்பில் மொத்தம் ஆறு பிள்ளைகள். சேர்த்து உட்காரவைத்தால் பெரியவன் சொன்னதும் சின்னதுகள் எல்லாம் அதையே சொல்லும்.

மணியடிச்சாச்சு எழுதியது:

சின்னவர்களை முதலில் பேசவிடுங்கள் சார். மூன்றாம் வகுப்பு, அப்புறம் நான்கு, கடைசியில் ஐந்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே நிபந்தனை, சின்னவர்களில் ஒருவர் சொன்னதை எடுத்துக்கொண்டுதான் தன் பேச்சைத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்குக் கேட்காமல் வேறு வழி இருக்காது.

சாக்பீஸ்தூள் எழுதியது:

கணக்கு சார், அடுத்த வாரம் பின்னம். 1/3 பெரிதா 1/4 பெரிதா என்று கேட்கலாமா? பாதிப் பேர் நாலு பெரிது என்பதால் 1/4 என்பார்கள், அது எனக்கு இப்போதே தெரியும்.

கணக்குவாத்தியார் எழுதியது:

தாராளமாக. ஒரே அளவில் இரண்டு காகிதப் பட்டைகள் ஒவ்வொரு ஜோடிக்கும் கொடுத்துவிடுங்கள், ஆனால் மடிக்கச் சொல்லாதீர்கள். முதலில் நோட்டில் பதிலும் காரணமும். பிறகு 1/4 என்று எழுதிய ஒருவரின் காரணத்தை, அவர் சம்மதித்தால், பெயரோடு பலகையில் முதலாவதாக எழுதுங்கள். "தப்பு" என்ற வாசனை உங்கள் முகத்தில் வரக் கூடாது. "இந்தக் காரணம் சரியாயிருந்தா 1/10 எவ்வளவு பெருசாயிருக்கும்?" என்று யாராவது கேட்கிறார்களா என்று பொறுத்துப் பாருங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் மட்டும் நீங்கள் கேளுங்கள். பட்டையை எடுத்து மடிக்கும் யோசனை அவர்களில் ஒருவருக்கு வரும். வந்ததும் எல்லாரையும் மடிக்கச் சொல்லுங்கள். சமமாக மூன்றாக மடிப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம், அதற்கு மட்டும் உதவி செய்யுங்கள்.